தன் கை தனக்குதவ
முதியோரின் அன்றாடத் தேவைகளும் நம் கடமையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



 

வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்டுவிட்டது. அடுத்து முதியோர் நலன் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். பெற்றோரைப் பேண வேண்டும் என்ற அறிவுரையை நாம் ஜும்ஆ தோறும் மிம்பரிலிருந்து கேட்டு வருகிறோம். அந்த அறிவுரையை மறுப்பவர் இங்கு எவருமில்லை. ஆகவே அதனை மீண்டும் சொல்வதற்கு இந்த நேரத்தை எடுத்துக்கொள்ளாமல், பொதுவாக மேடையில் பேசக் கூச்சப்படும் சில சிறிய செய்திகளைப் பேச விரும்புகிறோம். குளிப்பது, உடுப்பது, கழிப்பறைக்குச் சென்று வருவது, நகம் வெட்டுவது, பல் துலக்குவது, ஒளுச் செய்வது ஆகியவையே அவை. ஒரு முதியவரின் மானமும் நிம்மதியும் இவற்றில்தான் தங்கியிருக்கின்றன.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். அதன் பின்னர் அவ்விகிதம் கூடியே வந்துள்ளது. மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017-18ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் முதியோர் பற்றிய பெரும் ஆய்வொன்றை நடத்தியது. அறுபது வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இத்தகைய அன்றாடச் செயல்களில் ஒன்றிலேனும் இடர் உண்டு என்பது அதில் தெரியவந்தது. ஜும்ஆவுக்கு வரும் பெரியவர்களின் வரிசையை நோக்கினால், இது நம் மஹல்லாவிற்கும் பொருந்தும் என்பதை உணரலாம்.

முதலில் கைநழுவுவது குளியல்

அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 1963ஆம் ஆண்டு ஓர் அளவுகோலை வெளியிட்டனர். குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குச் செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல், தானே உண்ணுதல் என்னும் ஆறு செயல்களே அந்த அளவுகோல். இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் இதனைப் பயன்படுத்துகின்றனர். நோயாளிகளைக் கவனித்து வந்த காட்ஸ் ஓர் ஒழுங்கைக் கண்டார். பெரும்பாலோரிடம் இத்திறன்கள் ஒருசேரப் போய்விடுவதில்லை. முதலில் குளிப்பது கடினமாகிறது. கடைசி வரை நிற்பது தன் கையால் உண்ணும் திறன். நோய் தேறும்போது உண்ணுதல் முதலிலும் குளித்தல் இறுதியிலும் திரும்புகின்றன.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. “வாப்பா நன்றாகத்தான் இருக்கிறார், வேளா வேளைக்குச் சாப்பிடுகிறார்” என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். சாப்பிடுவதை மட்டும் அளவாகக் கொண்டால் இடரை மிகத் தாமதமாகவே அறிவோம். கவனிக்க வேண்டியது குளியலை. நாள்தோறும் குளித்தவர் இரண்டு நாளைக்கு ஒருமுறை குளிக்கத் தொடங்கினால், தலைக்கு ஊற்றுவதை ஒத்திப் போட்டால், ஒரே கைலியையும் சட்டையையும் மாற்றாமல் உடுத்தினால், அதனைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடலாகாது. குனிந்து எழுந்தால் தலை சுற்றுகிறதா, தோள்பட்டை உயர மறுக்கிறதா, ஈரத் தரையில் கால் வைக்கப் பயமா என்று பரிவுடன் கேட்டறிய வேண்டும்.

சொல்லாமல் மறைத்தல்

கேட்டவுடன் சொல்லிவிடுவார்களா என்றால், இல்லை. அறுபது எழுபது ஆண்டுகள் பிறர் உதவியின்றி வாழ்ந்தவர், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர், “எனக்குக் கைலி கட்ட முடியவில்லை” என்று எப்படி வாய்திறந்து சொல்வார்? அவர் மறைப்பார். சட்டைப் பொத்தானைப் போட முடியாதவர் வெயில் என்று சொல்லிச் சட்டையின்றி இருப்பார். பல்செட்டைக் கழற்றிக் கழுவ முடியாதவர் இரவும் அதனுடனேயே உறங்குவார்; ஈறு புண்ணாகும்; பின்னர் உணவு இறங்கவில்லை என்பார். மாத்திரைச் சீட்டின் எழுத்துத் தெரியாதவர் நிறத்தைப் பார்த்து விழுங்குவார்; கடையில் வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்த மாதம் குழம்பிப் போவார்.

இவற்றுள் மிகவும் மறைக்கப்படுவது சிறுநீர் அடங்காமை. ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்குவதாலும், பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களுக்கு அடிவயிற்றுத் தசைகள் தளர்வதாலும் இது வரலாம். சர்க்கரை நோய், சிறுநீர்த் தொற்று, நாட்பட்ட மலச்சிக்கல், சில மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். இவற்றுட் பல மருத்துவத்தால் தணியக்கூடியவை. “வயதானால் அப்படித்தான்” என்று சொல்லி மருத்துவரிடம் காட்டாமல் விடுவதே பெருந்துன்பம்.

இதனை மறைப்பவர் என்ன செய்கிறார்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் மிகும், சிறுநீர் கடுத்துத் தொற்று வரும், அடங்காமை இன்னும் கூடும், மயக்கமும் வரும். தண்ணீரைப் பகலில் குறைக்காமல், படுக்கைக்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் மட்டும் குறைத்து, பகலில் இரண்டு மூன்று மணிக்கொருமுறை உந்துதல் வரும் முன்பே கழிப்பறைக்குச் சென்று வருவது நல்ல பழக்கம். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் தண்ணீரின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கு ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜமாஅத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்ட பெரியவர்கள் சிலரை நாம் அறிவோம். கால் வலி என்பார்கள். கால் வலியுடன் கடைத்தெரு வரை செல்வார்கள். பள்ளிக்கு மட்டும் வருவதில்லை. சிறுநீர்க் கசிவால் ஒளு நிற்காதே, பள்ளியின் பாயில் பட்டுவிடுமே என்ற அச்சம் அவர்கள் உள்ளத்தில் இருக்கலாம். இத்தகையோருக்கு மார்க்கச் சட்டத்தில் சலுகை உண்டு. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழவும், தண்ணீர் தீங்கு செய்யும் நோயாளி தயம்மும் செய்யவும் இடம் இருப்பதைப் போலவே, இதற்கும் விதிமுறை உண்டு. மத்ஹபுக்கு ஏற்ற விவரத்தை இமாம் அவர்களிடம் தனியே கேட்டால் தெளிவு கிடைக்கும்.

வீட்டில் செய்யத்தக்கவை

நம் ஊர்களின் பழைய வீடுகளில் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கிறது. இரண்டு படி இறங்க வேண்டும். இரவில் விளக்கு மங்கல். பாசி படிந்த தரை. கழிப்பறையோ குந்தி அமரும் வகை. மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கு அமர்வதும் எழுவதும் வேதனை. எழும்போது இரத்த அழுத்தம் சட்டென இறங்கித் தலை சுற்றும். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தவர் பின்னர் முன்போல் நடமாடுவது அரிது. ஆகவே கீழ்க்காணும் சிலவற்றை ஒவ்வொரு வீட்டிலும் செய்துகொள்ள வேண்டுகிறோம்.

ஒன்று: இயன்றவர்கள் உட்காரும் வகைக் கழிப்பறை ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். அமரும் உயரம் முழங்கால் அளவு, அதாவது ஏறத்தாழ 45 செ.மீ. இருப்பது நலம். இயலாதவர்கள் கமோடு நாற்காலியை வாங்கிக் கட்டிலருகே வைக்கலாம்.

இரண்டு: குளியலறையிலும் கழிப்பறையிலும் சுவரில் ஆழப் பதித்த கைப்பிடிக் கம்பி வேண்டும். துண்டு போடும் கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் பிடித்து எழும் பழக்கம் ஆபத்தானது. அவை உடல் எடையைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டவை அல்ல.

மூன்று: நின்று குளிப்பதை விடுத்து, வழுக்காத கால்களை உடைய நாற்காலியில் அமர்ந்து குளிக்கட்டும். பெரிய வாளியும் கனத்த சொம்பும் வேண்டா. இலேசான கோப்பை போதும். வெந்நீர் கலக்கும்போது வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரை விட்டுப் பிறகு சுடுநீரை ஊற்ற வேண்டும். கால் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளி சூடு தெரியாமல் வெந்துபோவதுண்டு.

நான்கு: கதவை உள்ளே தாழிட வேண்டா. மானத்திற்குக் கதவு சாத்தியிருந்தால் போதும். தாழ் தேவையெனில் வெளியிலிருந்தும் திறக்கக் கூடியதாக அமைக்க வேண்டும்.

ஐந்து: இரவில் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ஒரு சிறு விளக்கு எரியட்டும். விழித்ததும் எழுந்து நடக்காமல், கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் அமர்ந்து, பாதங்களை அசைத்துவிட்டு எழ வேண்டும். நீர் பிரியும் மாத்திரை உண்பவர்கள் அதனை எந்த வேளையில் உண்பது என்பதை மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது.

ஆறு: உடையை எளிதாக்குங்கள். இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த கைலி, பொத்தானுக்குப் பதில் ஒட்டும் பட்டை வைத்த சட்டை, முன்புறம் திறக்கும் ரவிக்கை ஆகியவற்றை நம்மூர்த் தையற்கடையிலேயே தைத்துக்கொள்ளலாம். பக்கவாதம் வந்தவர் சட்டை அணியும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டதாலேயே மீண்டும் தாமே உடுத்தத் தொடங்கியவர்கள் உண்டு.

பாதத்தைப் பார்த்தல்

தம் பாதத்தைத் தாமே பார்க்க முடியாத முதியோர் பலர். குனிய முடிவதில்லை, பார்வையும் மங்கல். நகம் வளர்ந்து சதைக்குள் இறங்கியிருக்கும். விரலிடுக்கில் புண் இருக்கும். சர்க்கரை நோயாளிக்கு வலியும் தெரியாது. ஒளுச் செய்த பின் விரலிடுக்கில் ஈரம் தங்கினால் அங்குப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே வீட்டில் ஒருவர் நாள்தோறும் பெரியவரின் இரு பாதங்களையும் அடிப்புறம் உட்படப் பார்க்க வேண்டும். விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். வறண்ட குதிகாலுக்குத் தேங்காயெண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் தடவலாகாது. ஆணிக்காலைப் பிளேடால் சீவுவது கூடவே கூடாது. நகத்தைக் குளித்தபின் மென்மையாக இருக்கும்போது நேராக வெட்ட வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு இப்பணியைப் பழக்கினால் அவர்களுக்கும் நன்மை உண்டு.

உதவும் முறை

அன்புள்ளவர்களே! உதவி செய்வதிலும் ஒரு முறை வேண்டும். அன்பு மிகுதியாலோ நேரமின்மையாலோ எல்லாவற்றையும் நாமே செய்துவிடுகிறோம். பெரியவர் தாமே குளித்தால் முக்கால் மணி நேரம் ஆகும். நாம் குளிப்பாட்டினால் பத்து நிமிடம். ஆனால் செய்யாத வேலையைக் கை மறந்துவிடும், தசை மெலியும். ஆறு மாதத்தில் அவர் உண்மையாகவே இயலாதவராகிவிடுவார். ஆகவே, அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும். முடியாததை மட்டும் நாம் செய்வோம். முகத்தையும் மார்பையும் அவர் கழுவிக்கொள்வார். முதுகையும் பாதத்தையும் நாம் தேய்த்துவிடலாம். சோற்றைப் பிசைந்து வைத்தால் அவரே எடுத்து உண்பார். கீழே சிந்தினால் சிந்தட்டும்.

மறதி நோய் உள்ளவரிடம் “குளித்துவிட்டு வாருங்கள்” என்று மொத்தமாகச் சொன்னால் அவருக்கு விளங்காது. “சட்டையைக் கழற்றுங்கள், இங்கே அமருங்கள், தண்ணீரை ஊற்றுங்கள்” என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். மறுத்தால் வற்புறுத்தாமல் அரைமணி கழித்துக் கேட்டால் பெரும்பாலும் இணங்குவார்.

தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். குளிப்பாட்டும்போது மறைக்க வேண்டிய பகுதியைத் துணியால் மறைத்தபடியே கழுவ வேண்டும். படுக்கை நனைந்ததை விருந்தினர் முன் பேசலாகாது. நம்மைச் சிறு வயதில் கழுவித் துடைத்தவர்கள் அதனை ஊரில் சொல்லித் திரியவில்லை.

படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோல் சிவந்து நின்றால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். அன்றே கவனிக்க வேண்டும்.

உதவுபவர் யார்?

நம்மூரில் பல வீடுகளில் பிள்ளைகள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பணம் வருகிறது, கை வருவதில்லை. மாமனாருக்குச் செய்ய வேண்டிய அந்தரங்க உதவி மருமகளுக்குக் கூச்சம். மாமனாருக்கு அதனினும் கூச்சம். இருவரும் வாய்திறவாமல் துன்புறுகிறார்கள். மாமியாரைக் கவனிக்கும் மருமகளோ ஆண்டுக்கணக்கில் ஒரு நாள் தாய்வீடு சென்று தங்கவும் முடியாமல் இருக்கிறாள். அவளுக்கும் முதுகு வலிக்கும்; அவளுக்கும் உறக்கம் வேண்டும்.

ஆகவே வெளிநாட்டிலுள்ள சகோதரர்கள் பணம் அனுப்புவதோடு நின்றுவிடாமல், விடுமுறையில் வரும்போது தந்தையின் குளியலறையைச் சீர்செய்து தாருங்கள். ஆண்களுக்கு ஆண் உதவியாளர், பெண்களுக்குப் பெண் உதவியாளர் என்று ஊதியத்திற்கு அமர்த்துவதில் இழுக்கு ஏதுமில்லை. உள்ளூரிலுள்ள மகன்கள், “அது பெண்கள் வேலை” என்று ஒதுங்காமல், தந்தையின் குளியலையேனும் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது மருமகளுக்கு ஓய்வு கிடைக்க மற்ற மக்கள் முறை வைத்துக்கொள்ள வேண்டும்.

அண்டை மாநிலமான கேரளத்தில் 1993ஆம் ஆண்டு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி தணிப்புப் பராமரிப்புச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. பின்னர் மலப்புறம் போன்ற மாவட்டங்களில் அது ஊர் மக்களின் இயக்கமாகப் பரவியது. சிறு பயிற்சி பெற்ற தொண்டர்கள் செவிலியருடன் வீடு வீடாகச் சென்று, படுக்கையிலிருப்போருக்குப் புண் கழுவுதல் முதலிய உதவிகளைச் செய்கின்றனர். 2008இல் கேரள அரசே இதற்கெனக் கொள்கை வகுத்தது. சாமானியர்களால் இது இயலும் என்பதற்கு இதுவே சான்று.

அரசு உதவிகள்

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் கைவிடப்பட்ட பெற்றோர்க்குப் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெறும் உரிமையை வழங்குகிறது. அதற்கான தீர்ப்பாயத்தை வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் அணுகலாம். 2017இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்னும் நடுவண் அரசுத் திட்டத்தின் வழி வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோர்க்குக் கைத்தடி, வாக்கர், காது கேட்கும் கருவி, மூக்குக்கண்ணாடி, பல்செட், சக்கர நாற்காலி ஆகியவை இலவசமாக வழங்கப்பட்டு வந்துள்ளன. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகளையும், இயன்முறை மருத்துவத்தையும் வீட்டுக்கே கொண்டுவரும் நோக்குடையது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். முதியோர் உதவிக்கென 14567 என்னும் தொலைபேசி எண்ணும் 2021 முதல் நாடு முழுவதற்கும் ஏற்படுத்தப்பட்டுள்ளது.

பள்ளிவாசலில் செய்ய வேண்டியவை

நிறைவாக, இம்மன்றத்தின் முன் ஐந்து வேண்டுகோள்களை வைக்கிறோம்.

1. ஒளுச் செய்யும் இடத்தில் முழங்கால் உயரத்தில் ஆறு இருக்கைகள் அமைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் கைப்பிடிக் கம்பி பதிக்க வேண்டும். ஹவுளில் குனிந்து ஒளுச் செய்ய இயலாதவர்கள் இக்குழாய்களைப் பயன்படுத்துவர்.

2. கழிப்பறைகளுள் ஒன்றையேனும் உட்காரும் வகையாக மாற்றி, தரைக்குச் சொரசொரப்பான ஓடு பதிக்க வேண்டும்.

3. கோடையில் லுஹர் வேளையில் முற்றத்துக் கல் கொதிக்கிறது. உணர்ச்சியற்ற பாதத்துடன் அதில் நடப்பவருக்குக் கொப்புளம் எழுந்தாலும் தெரியாது. முற்றத்தின் குறுக்கே தேங்காய் நார் விரிப்பு ஒன்று போட வேண்டும்.

4. வாக்கர், கமோடு நாற்காலி, சக்கர நாற்காலி, காற்று மெத்தை ஆகியவற்றைப் பைத்துல்மால் சார்பில் வாங்கி வைத்து, தேவைப்படுவோர்க்கு இரவலாகத் தர வேண்டும். பெரியவர் மறைந்தபின் வீட்டில் தூசி படியும் இத்தகைய பொருள்களையும் குடும்பத்தார் கொடுத்து உதவலாம்.

5. இளைஞர்களிலிருந்து பத்துப் பேரும், பெண்களிலிருந்து பத்துப் பேரும் முன்வர வேண்டும். அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவரைக் கொண்டு அவர்களுக்குப் பயிற்சி அளித்து, தனித்திருக்கும் முதியோரை வாரம் ஒருமுறை அவர்கள் சந்தித்து வருமாறு செய்ய வேண்டும். நகம் வெட்டுவதும், பாதம் பார்ப்பதும், மாத்திரையை நாள்வாரியாகப் பெட்டியில் பிரித்து வைப்பதும் தொடக்கத்திற்குப் போதும். சென்ற இடத்தில் கண்டதை வெளியில் பேசாதிருப்பது இவர்களுக்கு முதல் நிபந்தனை.

இவற்றிற்கு ஆகும் செலவு மினாராவுக்கு வர்ணம் பூசும் செலவை விட மிகுதியாகாது என்றே கருதுகிறோம்.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு சொல். உதவி கேட்பதால் உங்கள் கண்ணியம் குறைந்துவிடாது. கைத்தடியை ஏந்துவதும், நாற்காலியில் அமர்ந்து குளிப்பதும், கம்பியைப் பிடித்து எழுவதும் இன்னும் பல ஆண்டுகள் உங்கள் கையால் உங்களைப் பேணிக்கொள்வதற்கான வழிகள். விழுந்தபின் சொல்வதை விட, தடுமாறும்போதே சொல்லுங்கள்.

இங்கு முன்வரிசையில் அமர்ந்திருப்போரின் இடத்திற்கு நாம் அனைவரும் ஒருநாள் வரவிருக்கிறோம். இன்று பதிக்கும் கம்பியை நாளை நாமே பிடித்து எழுவோம். நம் பெரியோர்க்கு ஆரோக்கியத்தையும், அவர்களைப் பேணுவோர்க்குப் பொறுமையையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக!

வஸ்ஸலாம்.